நாற்பத்தேழு நாள் துப்பட்டா

அத்தியாயம் 1

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு என்னைச் சங்கத்தை விட்டுத் துரத்தப் போறாங்க சார். அதுக்குள்ள காட்டிக் கொடுத்தது யாருன்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

அக்னஸ் இதைச் சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு துப்பட்டாவை எடுத்து மேஜை மேல் போட்டாள். சுவரில் மணி ஒன்பதே முக்கால்.

ஜோதிலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். துப்பட்டாவைப் பார்த்தார். கடைசியில் தன் உதவியாளர் ஜ்யோத்ஸ்னாவைப் பார்த்தார்.

“அஞ்சு மணியா? அச்சா. அப்ப நடுவுல சோலே படூரே சாப்பிடக்கூட டைம் இருக்கு,” என்றாள் அவள்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளமும் காப்பிப் பொடியும் விற்கிற கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் ஜோதிலிங்கத்தின் துப்பறியும் நிறுவனம். துப்பறியும் நிறுவனம் என்றதும் கொலை, வைரம், கறுப்புக் கண்ணாடி என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். டில்லியில் துப்பறிகிறவர்களுக்குச் சோறு போடுவது கல்யாணம்தான். பையன் குடிப்பானா, பெண் சொன்ன படிப்பு நிஜந்தானா, சொந்த ஃப்ளாட் என்கிறார்களே அது வாடகையா என்று விசாரித்து எழுதிக் கொடுத்தால் பிழைப்பு ஓடிவிடும். ராணுவ போலீசில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்த ஜோதிலிங்கத்துக்கு இந்தக் கல்யாண விசாரணை என்றாலே வேப்பங்காய். மொத்தத்தையும் ஜ்யோத்ஸ்னா தலையில் கட்டிவிட்டு, அவள் தட்டச்சு செய்து நீட்டுகிற காகிதங்களில் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். ஜ்யோத்ஸ்னாவுக்கு முப்பத்தொரு வயது. டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். வாய் மட்டும் எந்த மொழியிலும் ஓயாது.

இன்று வந்தது கல்யாணம் இல்லை. ஜோதிலிங்கம் உற்சாகமாக நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“முதல்லேர்ந்து சொல்லும்மா.”

சொன்னாள். தெற்கு டில்லியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. அங்கே ஒப்பந்த நர்சுகளாக ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள், வேலையை நிரந்தரமாக்கு என்று போன வருஷம் ஜந்தர் மந்தரில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நாற்பத்தேழு நாள். எல்லாரும் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். டூட்டி முடிந்தவர்கள் வருவார்கள், டூட்டிக்கு நேரமானவர்கள் போவார்கள். சங்கத்தின் செயலாளர் என்று வெளியே தெரிந்த ஒரே பெயர் அக்னஸ். அவளை முதல் வாரமே வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். பந்தலை ஆரம்பித்து வைத்து, பேச்சுவார்த்தைக்குக் கடிதம் எழுதி, மற்றவர்களைத் திரட்டியது ஏழு பேர். அந்த ஏழு பேர் யார் என்பது அவர்களுக்குத் தெரியும், அக்னஸுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

“ஒரு வருஷம் ஆனதும் ஞாபகத்துக்கு இந்தத் துப்பட்டா அடிச்சோம்,” என்று அவள் அதை விரித்தாள்.

வெள்ளைப் பருத்தித் துணி. நடுவில் பெரிதாக நாற்பத்தேழு. ஒரு முனையில் நீல மையில் பந்தல், போலீஸ் தடுப்பு, டீ கெட்டில், தட்டிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்கள். தட்டிகளில் தமிழ்க் கோஷங்கள். இன்னொரு முனையில் அதே மாதிரி காட்சி, சிவப்பு மையில், இந்திக் கோஷங்களோடு. எந்தப் பெண்ணுக்கும் கண்ணில்லை, மூக்கில்லை. வெறும் முட்டை வடிவம்.

“முகம் வரையக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன் சார். ஆனா பொண்ணுங்க கேக்கலை. நாங்கதான்னு எங்களுக்காவது தெரிய வேண்டாமான்னு ஒவ்வொருத்தியும் வந்து ஒரு அடையாளம் வைக்கச் சொன்னாங்க. ஜோஸ்லின் தன் மூக்குக் கண்ணாடியையும் கன்னத்து மச்சத்தையும் போடச் சொன்னா. தமிழ்செல்வி இடது கைப் பழக்கம், அவ இடது கையில மைக். ஒருத்திக்குப் புருவத்துல தழும்பு. ஆசைப்பட்டாங்க, விட்டுட்டேன். இதனால இருக்குமோன்னுதான் கொண்டாந்தேன்.”

“அந்த ஏழு பேரையும் தூக்கிட்டாவளா?”

“போன மாசம் பதினாலு பேருக்கு நோட்டீஸ் வந்துச்சு சார். இந்த ஏழு பேர். கூடவே பந்தல் பக்கமே எட்டிப் பார்க்காத வேற ஏழு பேர். அவங்களைத் தவிர பேர் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். எனக்கு வேற கிளினிக்குல வேலையும் கிடைச்சிருச்சு. அப்ப யாரைச் சொல்லுவாங்க? ஏழு பேரை வித்துட்டா, பிடிக்காத ஏழு பேரையும் சேர்த்துக் கொடுத்துட்டாங்கறாங்க.” அக்னஸ் துப்பட்டாவின் ஓர நூலைப் பிய்த்தாள். “கிட்வாய் நகர்ல ஒரே ரூம்ல அஞ்சு பேர் இருக்கோம். பத்து நாளா நான் வைக்கற குழம்பை யாரும் தொடறதில்லை சார். கழுவி ஊத்திட்டு டூட்டிக்குப் போறேன்.”

ஜ்யோத்ஸ்னா தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஜோதிலிங்கம் தாடையைத் தடவினார். “ஜ்யோத்ஸ்னா, சரியான ஏழு பேரை எப்படிக் கண்டுபிடிச்சாவன்னு கேட்டா நூறு பதில் வரும். தப்பான ஏழு பேரை எப்படிப் புடிச்சாவன்னு கேட்டா ஒரே பதில்தான் வரும். தப்பானவங்கள்ல ஒருத்தி வீட்டுக்குப் போவோம்.”

“துவாரகால ஸ்நேஹான்னு ஒரு பொண்ணு இருக்கா,” என்றாள் அக்னஸ்.

“துவாரகாவா! என் ஏரியா சார். எங்க அம்மா பார்த்துட்டா கல்யாணப் பேச்சு எடுப்பாங்க, முகத்தை மூடிக்கிட்டுத்தான் வருவேன்.” ஜ்யோத்ஸ்னா துப்பட்டாவைச் சுருட்டித் தன் பையில் திணித்தாள்.

நவம்பர் மாதத்து டில்லிக் காற்று தொண்டையைக் கரகரக்க வைத்தது. மெட்ரோவில் முக்கால்வாசிப் பேர் இருமிக்கொண்டு வந்தார்கள். பதினொன்றரைக்கு அவர்கள் துவாரகாவில் ஒரு சொசைட்டி ஃப்ளாட்டின் மூன்றாவது மாடியில் மணி அடித்தார்கள்.

கதவைத் திறந்த ஸ்நேஹாவின் இடுப்பில் ஒரு வயசுக் குழந்தை. மூக்குக் கண்ணாடி, வலது கன்னத்தில் மிளகளவு மச்சம். கணவர் விமான நிலையத்தில் வேலை, பகல் ஷிப்ட். வந்த விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்னையப் போராட்டத்துக்குத் தலைவின்னு எழுதியிருக்காவ. அந்த நாப்பத்தேழு நாளும் நான் நாகர்கோவில்ல அம்ம வீட்ல, இவனைப் பெத்துக்கிட்டுக் கிடந்தேன்.”

“அங்கிருந்தே கோஷம் போட்டீங்களோ?” என்றாள் ஜ்யோத்ஸ்னா.

“போட்டேன். பிரசவ ரூம்ல.”

மூவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் ஸ்நேஹா, “கூத்து அதோட தீரலை. ரெண்டு மாசத்துக்கு முன்ன எனக்கு வரன் வேற வந்துச்சு,” என்றாள்.

“உங்களுக்கா?”

“எனக்குத்தான். ஒரு பொம்பள வந்து கேட்ல வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சிருக்கா. கண்ணாடி போட்ட நர்ஸ், வலது கன்னத்துல மச்சம், கல்யாணத்துக்குக் கேக்கோம்னு. மாடிக்கும் ஏறி வந்திருக்கா. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, அவளுக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தையும் இருக்குன்னு சொன்னதும் அந்தப் பொம்பள உச்சுக் கொட்டிட்டுப் போனாளாம். எனக்க வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னைப் புதுப்பொண்ணேன்னுதான் கூப்பிட்டார்.”

ஜோதிலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். இந்த மாதிரி இடத்தில் ஜ்யோத்ஸ்னாவிடமிருந்து ஒரு வெடி கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை. அவள் குழந்தையின் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பசியாயிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

துப்பட்டாவை அவர் சோபாவில் விரித்துக் காட்டியிருந்தார். ஸ்நேஹா குழந்தையை இறக்கிவிட்டு, பேச்சு வாக்கில் அதை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். நர்சுகளின் கை சும்மா இருக்காது, துணியைக் கண்டால் மூலையோடு மூலை சேர்த்துவிடும். இரண்டு முனைகளையும் ஒன்றாகப் பிடித்து உயரத் தூக்கினாள். பால்கனிக் கதவு வழியாக வந்த வெளிச்சம் மெல்லிய துணியை ஊடுருவியது.

“அப்படியே புடிங்க! ஆடாதீங்க!” என்று கத்தினார் ஜோதிலிங்கம்.

குழந்தை அழுதது. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஏழு நீலப் பெண்கள் மேல் ஏழு சிவப்புப் பெண்கள் மயிரிழை பிசகாமல் பொருந்தி உட்கார்ந்திருந்தார்கள். கெட்டில் மேல் கெட்டில். தடுப்பு மேல் தடுப்பு. நீல மச்சத்தின் மேலேயே சிவப்பு மச்சம்.

“இப்ப விரிங்க. நீலப் பொண்ணுக்கு மச்சம் எந்தக் கன்னத்துல?”

“இடது.”

“சிவப்புப் பொண்ணுக்கு?”

ஸ்நேஹா பார்த்தாள். அவளது கை தானாகத் தன் வலது கன்னத்துக்குப் போயிற்று.

“துணியில பதினாலு பேர் இல்லம்மா. ஏழே பேர்தான். கண்ணாடியில பாத்த மாதிரி அந்த ஏழு பேரையே திருப்பிப் போட்டிருக்கான். இடது மச்சம் ஜோஸ்லின். அதைத் திருப்பினா வலது மச்சம். வலது மச்சத்துக்கு ஆஸ்பத்திரியில ஆள் தேடியிருக்காவ, நீங்க மாட்டிக்கிட்டீங்க.”

“அடப் பாவியளா,” என்றாள் ஸ்நேஹா. சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். “இதுக்கா எனக்க வேலை போச்சு?”

அங்கிருந்து, அக்னஸிடம் முகவரி கேட்டுக்கொண்டு, தொழிற்பேட்டையான ஓக்லா. மெட்ரோவை விட்டு இறங்கி, லாரிகளுக்கு நடுவே நடந்து, சாயமும் மண்ணெண்ணெயும் மணக்கிற ஒரு சந்தில் துப்பட்டாவை அச்சடித்த பட்டறையைக் கண்டுபிடிக்கும்போது மணி இரண்டு. நீளமான மேஜைகளில் வேறு எதற்கோ கொடித்துணி அடித்துக் காயப்போட்டிருந்தார்கள். மாஸ்டர் இர்ஃபான் பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஜ்யோத்ஸ்னா இந்தியில் கேட்டாள், அவர் இந்தியில் பெருமையாகப் பதில் சொன்னார்.

அந்தம்மா கொடுத்தது ஏழு பேர் உட்கார்ந்திருக்கிற ஒரே ஒரு படம். துப்பட்டாவுக்கு இரண்டு முனை. ஒரு முனையை வெறுமையாக விட்டால் நன்றாகவா இருக்கும்? படத்தை ஃபிலிமில் எடுத்து, மை தள்ளி அச்சடிக்க ஒரு ஃப்ரேம் செய்தார். அதே ஃபிலிமைத் திருப்பிப் போட்டு இன்னொரு ஃப்ரேம். தோளில் போட்டால் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார வேண்டும், அதுதான் அழகு.

“எழுத்தும் திரும்பியிருக்குமே?” என்று கேட்டார் ஜோதிலிங்கம்.

எழுத்துக்குத் தனி ஃப்ரேம் என்றார் இர்ஃபான் பாய். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இந்தி. நிறமும் வேறு வேறு. பார்க்கிறவனுக்கு இரண்டு கூட்டம் என்றுதான் தோன்ற வேண்டும். “ஏழு பெண்கள் நாற்பத்தேழு நாள் உட்கார்ந்தார்களாம். பாவம், கூட்டம் கொஞ்சம் பெரிதாகத் தெரியட்டுமே என்றுதான் செய்தேன்.”

நடந்ததை ஜ்யோத்ஸ்னா சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது. துப்பட்டாவை வாங்கிப் பார்த்தார், மடித்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். டீ வரவழைக்கிறேன் என்றார். அவர்கள் இருக்கவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் ஜோதிலிங்கம் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தார்.

“முடிஞ்சுதும்மா கதை! துணியில ஏழு பேர்னு அக்னஸுக்குத் தெரியும். படம் கொடுத்ததே அவதானே. காட்டிக் கொடுக்கிறவ ஏழு பேரை எழுதுவாளா, பதினாலு பேரை எழுதுவாளா? பதினாலுன்னு எழுதினவன் துணியை மட்டும் பாத்த ஒரு வெளியாள். பந்தல்ல யாரு இருந்தாவன்னே தெரியாத பய. துப்பட்டாவை மடிச்சுக் காட்டுனாப் போதும், அக்னஸ் மேல இருக்க பழி போயிரும்.”

ஜ்யோத்ஸ்னா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, வாயில பூட்டா? ஆட்டோக்காரன்கூட பயந்து போயிருவான்.”

“தலை வலிக்குது சார்.”

அவர் அக்னஸை அழைத்தார். பாதி ஜெயித்தாயிற்று என்று சொன்னார். எதிர்முனையில் அவள் அழுதாள், சிரித்தாள், பின் நினைவு வந்தவளாக, “லாயர் இப்பதான் சில பேப்பர் அனுப்பினார் சார். லேபர் ஆபீஸ்ல மேனேஜ்மென்ட் தாக்கல் பண்ணதாம். எங்களை எப்படி அடையாளம் கண்டாங்கன்னு. ஆனா ஒண்ணும் புரியலை சார். சமையல், சர்ச்சுன்னெல்லாம் இருக்கு. உங்களுக்கு அனுப்பறேன்,” என்றாள்.

செல்போனில் படங்கள் வந்து விழுந்தன. பதினான்கு பக்கம். ஒவ்வொன்றிலும் தலைப்புப் பகுதியும் அடிப்பகுதியும் வெட்டப்பட்டிருந்தன, அதனால் எழுதியது யார் என்று தெரியவில்லை. ஜோதிலிங்கம் முதல் பக்கத்தைப் பெரிதாக்கிப் படித்தார். பெயர் ஜோஸ்லின். வயது, உயரம், நிறம். இடது கன்னத்தில் மச்சம், கண்ணாடி. சொந்த ஊர். குடியிருக்கும் முகவரி. ஞாயிறு தவறாமல் சர்ச். அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். அசைவம் சமைப்பார்.

“என்ன கூத்து இது? வேலைய விட்டுத் தூக்குறதுக்கு அசைவம் சமைச்சா என்ன, சமைக்காட்டி என்ன? இது கல்யாண விசாரணை மாதிரில்லா இருக்கு! எந்த மடையனோ...”

கடைசி வரிக்கு வந்தார்.

“வாசலில் செருப்பு: ஐந்து ஜோடி.”

அடுத்த பக்கத்தைத் தள்ளினார். வாசலில் செருப்பு: மூன்று ஜோடி. அடுத்தது. வாசலில் செருப்பு: எட்டு ஜோடி. ஸ்நேஹாவின் பக்கம் வந்தது. மணமானவர், வரனுக்கு ஏற்றவர் அல்ல. வாசலில் செருப்பு: மூன்று ஜோடி, ஒன்று குழந்தையுடையது.

டில்லியில் ஆயிரம் துப்பறியும் நிறுவனங்கள் இருக்கலாம். வாசல் செருப்பை எண்ணி எழுதுகிற நிறுவனம் ஒன்றே ஒன்றுதான். ஒரு வீட்டில் உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வீட்டுக்காரரும் மறைப்பார், குடியிருப்பவரும் மறைப்பார், செருப்பை யாரும் மறைப்பதில்லை என்று தொழிலுக்கு வந்த முதல் வருஷம் ஜோதிலிங்கமே கண்டுபிடித்த தந்திரம் அது. போகிற இடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வார். விசாரணைக்கு அனுப்புகிற பெண்களுக்கெல்லாம் அதைத்தான் முதலில் கற்றுக்கொடுப்பார்.

ஆட்டோ ஒரு சிக்னலில் நின்றது. பக்கத்துப் பேருந்தின் புகை உள்ளே வந்தது.

“துவாரகாவுலயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு சார்,” என்றாள் ஜ்யோத்ஸ்னா. அவள் அவரைப் பார்க்கவில்லை. “சொல்ல பயமா இருந்துச்சு.”

“யாரு கொடுத்த வேலை?”

“அர்விந்த் ஜி. கரோல்பாக் கல்யாண மையம். நர்ஸ் பொண்ணுங்க வேணும்னு அவர் எப்பவும் கேப்பாரு சார். ஜெர்மனி, கனடா போற பசங்களுக்கு நர்ஸ்தானே டிமாண்ட். இது கொஞ்சம் வேற மாதிரி வந்துச்சு. பையன் ஒரு பொண்ணைத் தூரத்துல பார்த்திருக்கான், பேர் தெரியாது, இன்ன ஆஸ்பத்திரி, கன்னத்துல மச்சம், கண்டுபிடிச்சுக் கொடுங்கன்னு. வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டுன்னு மத்த கேஸோட கலந்து வந்துச்சு. நம்ம ஆபீஸ்லேர்ந்து விசாரணைக்குப் போற சுமன் தீதிதான் நேர்ல போய் விசாரிச்சாங்க. நான் டைப் பண்ணேன்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “எனக்கு ரொமான்டிக்கா இருந்துச்சு சார். பேர்கூடத் தெரியாம ஒருத்தியைத் தேடறானே, எவ்ளோ ஆசை இருக்கும்னு நினைச்சேன்.”

ஜோதிலிங்கம் அர்விந்தை அழைத்தார். கல்யாண மையத்துக்காரர் எப்போதும் போல இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“அர்விந்த், அந்தப் பதினாலு நர்ஸ் விசாரணை. அந்தப் பதினாலு மாப்பிள்ளையும் யாரு?”

அர்விந்த் லேசாகச் சிரித்தார். “மாப்பிள்ளையாவது ஒண்ணாவது. ஆஸ்பத்திரிக்கு ஆள் சப்ளை பண்ற கான்ட்ராக்டர் ஒருத்தர் நம்ம பழைய பார்ட்டி ஜோதி சார். நர்சுங்க போட்டுக்கிட்டுத் திரியற ஏதோ துப்பட்டாவைப் பார்த்துப் பதினாலு அடையாளம் எழுதி ஒரு லிஸ்ட் கொடுத்தாரு. நேரா கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க, கல்யாணம்னு சொன்னா பக்கத்து வீட்டுக்காரங்க ஜாதகமே கொடுத்துருவாங்கன்னாரு. நிஜந்தானே?”

“எதுக்குன்னு கேக்கலியா நீரு?”

“நான் கேக்கலை. நீங்க கேட்டீங்களா சார்? கையெழுத்து உங்களுதுதானே?”

தொடர்பு அறுந்தது. ஜோதிலிங்கத்துக்கு வெட்கம் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை இறங்கியது. ராணுவ போலீசில் எத்தனை பேரை நிற்கவைத்து, படிக்காமல் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று உலுக்கியிருப்பார்! காலையிலிருந்து அக்னஸுக்காகக் கொதித்ததும், சற்று முன்பு சிரித்துக் குதித்ததும் நினைவுக்கு வந்து கூசியது.

“சார்,” என்றாள் ஜ்யோத்ஸ்னா மெதுவாக. “துப்பட்டா போதும் சார். மடிச்சுக் காட்டுங்க. வெளியாள்னு சொல்லுங்க. அது பொய் இல்லையே. அக்னஸ் தப்பிச்சிருவாங்க. நம்ம பேர் எதுக்கு? வெளியில தெரிஞ்சா ஒருத்தரும் நம்ம படியேற மாட்டாங்க. சுமன் தீதிக்கு வேற வேலை கிடையாது. எனக்கும்தான்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவரை அதிகம் வதைத்தது. வெளியாள் என்று ஒரு வார்த்தை. பொய்யே கிடையாது. அந்த வார்த்தையை நாக்கில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார். கிட்வாய் நகர் வந்து ஆட்டோவை விட்டு இறங்கியபோதும் அவருக்கு ஒரு முடிவு கிடைக்கவில்லை.

குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் ஐந்து மணிக் கூட்டத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் சீருடையோடு வந்திருந்தார்கள். பலரது தோளில் அந்தத் துப்பட்டா. அக்னஸ் பின்சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். நாற்காலிகள் காலி இருந்தன, ஆனால் அவள் எதிலாவது உட்காரப் போனால் பக்கத்திலிருப்பவர்கள் கைப்பையை அதில் வைத்துவிடுவார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. ஸ்நேஹா குழந்தையோடு கடைசி வரிசையில் இருந்தாள். ஜோதிலிங்கத்தைக் கண்டதும் அக்னஸின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“இவர்தான் நான் சொன்ன சார்,” என்றாள் அவள் எல்லாருக்கும்.

அவர் முன்னால் போனார். ஜ்யோத்ஸ்னா ஒரு முனையையும் அவர் ஒரு முனையையும் பிடித்துத் துப்பட்டாவை விரித்தார்கள், பிறகு குழல்விளக்குக்கு நேராக மடித்துத் தூக்கினார்கள். நீலம் மேல் சிவப்பு பொருந்தியது. முன்வரிசையில் யாரோ, “ஐயோ, ஆமா!” என்றார்கள். பெண்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். தங்கள் தோளில் கிடந்ததை எடுத்து மடித்துப் பார்த்தார்கள். மாசக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிந்த துணி அது. ஏழுதான், பதினான்கு இல்லை என்று தெரிந்த அக்னஸ் இந்தப் பட்டியலைக் கொடுத்திருக்க முடியாது என்று அவர் விளக்கி முடித்தபோது கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

இடது கன்னத்தில் மச்சமுள்ள பெண் எழுந்தாள். ஜோஸ்லின்.

“பட்டியலை அக்கா கொடுக்கலை, சரி சார். துணியைக் கொடுத்திருக்கலாமே? துணியில முகமே இல்லையே, மச்சத்தை வச்சுக்கிட்டு என் வீட்டு அட்ரஸ் வரைக்கும் போனது யாரு? ஆளைச் சொல்லுங்க. அதுவரைக்கும் எங்களுக்கு எப்படி நிம்மதி வரும்? தினமும் ஒருத்தியை ஒருத்தி சந்தேகப்பட்டுக்கிட்டே இருக்கோம்.”

வெளியாள். வார்த்தை தயாராக இருந்தது.

அந்த வார்த்தையைச் சொன்னால் அக்னஸ் இன்று தப்பிப்பாள். நாளைக்கு இன்னொருத்தியின் குழம்பு கழுவி ஊற்றப்படும். லேபர் ஆபீசிலும் அந்தப் பதினான்கு காகிதம் உண்மையான காகிதமாகவே இருக்கும். அது எப்படித் தயாரானது என்று எழுதியவனைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

“நான்தான்,” என்றார் ஜோதிலிங்கம்.

புரியாமல் பார்த்தார்கள்.

“கல்யாணத்துக்கு விசாரிக்கேன்னு பொய் சொல்லி உங்க ஒவ்வொருத்தர் வீட்டு வாசலுக்கும் வந்தது என் ஆபீஸ் ஆளு. உங்க தோள்ல கெடந்த துணியைப் பாத்துட்டு ஆஸ்பத்திரிக் கான்ட்ராக்டர் கொடுத்த வேலை அது. பதினாலு பேப்பரும் என் ஆபீஸ்ல அடிச்சது. அடியில என் கையெழுத்து. யாருக்குப் போகுது, எதுக்குன்னு கேக்கலை. படிச்சும் பாக்கலை. லேபர் ஆபீஸ்ல வந்து இதையே எழுதிக் கொடுக்கேன்.”

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. ஸ்நேஹா குழந்தையின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு அவரையே பார்த்தாள். காலையில் தன் வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்ததை அவள் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பின்சுவரிலிருந்து அக்னஸ் கேட்டாள். “காலையில நான் வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியாதும்மா. தெரியாம இருந்ததுதான் தப்பு.”

“டைப் பண்ணது நான்,” என்றாள் ஜ்யோத்ஸ்னா. அவள் தமிழில் தடுமாறி இந்திக்குத் தாவினாள், பிறகு அதையும் நிறுத்திக்கொண்டாள்.

ஜோஸ்லின் பக்கத்து நாற்காலியிலிருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “அக்கா, இங்க வாங்க,” என்றாள். அக்னஸ் இரண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து அங்கே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அடக்க முடியாமல் அழுதாள். இருபுறத்திலிருந்தும் கைகள் அவள் முதுகைத் தடவின.

ஜோதிலிங்கம் துப்பட்டாவைப் பிடித்தபடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். காலி நாற்காலிகள் நிறைய இருந்தன. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.